சீமைக்குப் போன மனுக்கள்

கணித மேதை ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில். 1887-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி, தாயைப் பெற்ற பாட்டனார் வீட்டில் பிறந்தார். அந்தப் பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் வருவது நம் வழக்கம். அந்த வழக்கத்தின் புண்ணியத்தில் கொங்கு நாட்டுக்கு ஒரு பெருமை கிடைத்தது. பிள்ளை வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில்தான். என்றாலும், "எங்கள் ஊரில் பிறந்தவராக்கும்" என்று ஈரோட்டுக்காரர்கள் சொல்லிக் கொள்வதை யார் ஆட்சேபிக்க முடியும்?

அவருடைய கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. ஓர் ஏழைக் குமாஸ்தா, கணக்கில் புலி, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இருந்த ஒரு துரைக்குக் கடிதம் எழுதினார், துரை படித்துப் பிரமித்துப் போனார், உடனே கப்பல் ஏறச் சொன்னார். அவ்வளவுதான் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை படுகிறது. கதையில் ஆட்கள் போதவில்லை. கோர்ட்டில் ஒரு நகல் வாங்குவதற்கே நாலு பேர் தயவு வேண்டியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக் குமாஸ்தா ஒருவர் உலகத்தின் முதல்தரமான கலாசாலைக்குள் நுழைவதற்கு இரண்டே பேர் எப்படிப் போதும்?

விடுபட்ட ஆட்களைத் தேடிப் பார்ப்பதில் ஒரு பிரயோஜனம் உண்டு. ஏனென்றால் இன்று கோயமுத்தூரிலும், பொள்ளாச்சியிலும், கோபியிலும், திருச்செங்கோட்டிலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் மேற்படிப்புக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் மோதி முப்பது நாற்பது பேர் நுழைகிற இடங்கள் அவை. அந்தப் பிள்ளைகளிடம் நாம் ராமானுஜன் கதையை எடுத்துச் சொல்கிறோம், "திறமை இருந்தால் கதவு தானாகத் திறக்கும்" என்று. கதவு தானாகத் திறந்ததா என்பதுதான் கேள்வி.

முதலில், அந்தக் காலத்தில் சாதாரணமாகச் சீமைக்குப் படிக்கப் போனவர்கள் யார் என்று பார்ப்போம். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன் இருக்கிறது. அதன் ஜமீன்தாரான டாக்டர் பி. சுப்பராயன் சென்னையில் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டில் வாதாம் கல்லூரிக்குப் போனார். பிற்பாடு 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்தார். கெட்டிக்காரர், படிப்பாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு ஆக்ஸ்போர்டு எங்கே இருக்கிறது, அங்கே போவது எப்படி, என்ன செலவாகும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பணம் இருந்தது, பணத்தோடு சேர்ந்து விவரமும் இருந்தது. இந்த இரண்டாவதைத்தான் நாம் எப்போதும் கணக்கில் சேர்க்க மறந்து விடுகிறோம்.

ராமானுஜனுக்கு இரண்டுமே இல்லை. 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. இங்கிலீஷில் தவறியதால் சம்பளம் போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. எஃப். ஏ. பரீட்சையில் 1906-லும் தேறவில்லை, 1907-லும் தேறவில்லை. அக்காலத்து எஃப். ஏ. என்பது பின்னால் வந்த இன்டர்மீடியட்டின் மூத்த அண்ணன். இன்டர்மீடியட்டோடு கல்லூரியை விட்டு இறங்கிய என் போன்றவர்களுக்கு, அந்தப் படியைக்கூட ஏறாத ஒருவர் கேம்பிரிட்ஜ் போனார் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம் ஏற்படுவது இயல்பே. ஆனால் சர்க்கார் காகிதத்தில் அவர் பெயர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் தவறியவர், பட்டம் இல்லை, வேலை இல்லை, 1909-ல் கல்யாணம் வேறு ஆகிவிட்டது.

இங்கேதான் முதல் ஆள் வருகிறார். திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் ஆரம்பித்தவர். அவரிடம் ராமானுஜன் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத்தான் போனார். கையில் கொண்டுபோன நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயர், இந்தப் பிள்ளையைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைப்பது பாவம் என்று உணர்ந்து, சென்னையில் பி. வி. சேஷு ஐயரிடம் அனுப்பினார். சேஷு ஐயர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவை அடைந்தார். ராவ் பேசிப் பார்த்தார், நம்பினார், மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். அந்த ரூபாயை வாங்கிக் கொண்டு சும்மா இருக்க ராமானுஜனுக்கு மனம் வரவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். இந்த 30 ரூபாய் வேலைக்குக்கூட ராஜதானிக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரையின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது.

துறைமுக ஆபீஸில் கிடைத்தவர் எஸ். நாராயண ஐயர். அங்கே மேலதிகாரி, தாமே கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் திருவல்லிக்கேணியில் பைகிராஃப்ட்ஸ் சாலை வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக் கொண்டு கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் பத்துப் படிகளை ஒரே தாவலில் தாண்டி விடுவார். நாராயண ஐயர் விடமாட்டார், "எனக்கே விளங்கவில்லையே, மற்றவர்களுக்கு எப்படி விளங்கும்?" என்ற முறையில் நடுவிலுள்ள படிகளை எழுதச் சொல்லுவார். ஒரு மேதைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்க முடியும்? பிறர் படித்துத் தெரிந்து கொள்ளும்படி எழுத வைத்தவர் அவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் விஷயத்தைச் சொல்லி அக்கறை கொள்ளச் செய்தவரும் அவரே.

அதன் பிறகே கடிதங்கள் புறப்பட்டன. சென்னை இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்த கிரிஃபித் என்பவர், லண்டனில் தம் பழைய ஆசிரியர் ஹில் துரைக்கு எழுதினார். ஹில், பையனிடம் சரக்கு இருக்கிறது, ஆனால் அடிப்படையில் சறுக்கல்களும் இருக்கின்றன என்ற தோரணையில் பதில் எழுதி, படிக்க வேண்டிய புத்தகத்தையும் சொன்னார். தம் மாணவனாக ஏற்றுக் கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ராமானுஜன் தாமே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதினார். இருவரிடமிருந்தும் ஒத்தாசை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பேராசிரியர்களைத் திட்டுவதில் பயனில்லை. கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் வீட்டுக்கு வாரா வாரம் பைத்தியக்காரக் கடிதங்கள் வருவது சகஜம். பட்டமும் இல்லாத, நிரூபணமும் இல்லாத, எங்கேயோ ஒரு துறைமுகத்துக் கணக்குப் பிள்ளையின் கடிதம் அந்தக் குவியலில் போய் விழுந்ததென்றால் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது கடிதம் 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு ஜி. எச். ஹார்டிக்குப் போயிற்று. சுமார் 120 தேற்றங்கள். கடிதத்தின் இங்கிலீஷைச் செப்பனிட்டதில் சென்னை நண்பர்களின் கை இருந்தது என்பது சரித்திரம் எழுதியவர்களின் கருத்து. ஹார்டிக்கும் முதலில் சந்தேகந்தான். இரவு லிட்டில்வுட் என்ற சகாவோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே, எழுதியவன் பித்தனல்ல, மகா மேதை என்று தீர்மானித்தார். பிப்ரவரி 8-ஆம் தேதி பதில் எழுதினார். அதிலும் கேட்டது ஒன்றே: நிரூபணம் எங்கே?

இத்தோடு கப்பல் ஏறினாரா? இல்லை. கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று ராமானுஜன் மறுத்து விட்டார். அந்தச் சமயத்தில் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜன் எழுதியதைக் காட்ட, அவர் சர்வகலாசாலைக்கு எழுதினார். முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரிய ஆராய்ச்சிச் சம்பளத்தை, எஃப். ஏ. தேறாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாயாக இரண்டு வருஷத்துக்குச் சென்னைச் சர்வகலாசாலை கொடுத்தது. சட்டத்தை வளைத்தவர்கள், சட்டத்துக்குக் காவலிருந்த பெரியவர்களே.

பிறகு 1914 ஆரம்பத்தில் நெவில் என்ற இளம் கணித ஆசிரியர் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். எப்படியாவது ராமானுஜனை இசையச் செய்ய வேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் ராமானுஜன் மனம் மாறியிருந்தது. காரணம் கொங்கு நாட்டில் இருக்கிறது என்பது குடும்பத்தார் சொல்லி வந்த செய்தி. அவர்களுடைய குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். அந்தச் சந்நிதியில் போய்க் கிடந்து உத்தரவு பெற்று வந்ததாகவும், மகன் போவதற்குத் தடை சொல்ல வேண்டாமென்று தாயாருக்கே அம்பாள் கனவில் சொன்னதாகவும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஒன்று நிச்சயம்: பெற்றவள் சரி என்று சொல்லாவிட்டால் கேம்பிரிட்ஜ் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்தத் தாய்க்கும் தன் ஊரில் முகம் காட்ட ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது; நாமகிரித் தாயார் கொடுத்தாள்.

கடைசியில் பணம். வருஷத்துக்கு 250 பவுன், இரண்டு வருஷத்துக்கு. கப்பல் செலவும் உடுப்புச் செலவும் தனி. சென்னைச் சர்வகலாசாலை கொடுத்தது. மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் பெற்றோருக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடாயிற்று. குடும்பத்தில் சம்பாதிக்கிற பிள்ளையைப் படிக்க அனுப்பினால் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்! 1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. கேம்பிரிட்ஜிலும் வேண்டிய தகுதிப் பட்டம் இல்லாமலே ஆராய்ச்சி மாணவராக அனுமதித்தார்கள். 1916-ல் ஆராய்ச்சிப் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

எண்ணிப் பார்த்தால் ராமசாமி ஐயர் முதல் நெவில் வரையில் பன்னிரண்டு பேர். தாயாரைச் சேர்த்தால் பதின்மூன்று. இவர்களில் ஒருவர் சோம்பியிருந்தாலும், அந்தக் குமாஸ்தா பென்ஷன் வாங்குகிற வரையில் துறைமுகக் கணக்கே எழுதியிருக்கக் கூடும்.

1919-ல் நோயாளியாகத் திரும்பி வந்தபோது அவர் காவேரிக் கரையில் கொடுமுடியில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். பிறந்த மண்ணுக்கு அடுத்த ஊர். மறு வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

*

இவ்வளவு விஸ்தாரமாக இதைச் சொன்னதற்குக் காரணம், இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான். திருக்கோயிலூருக்குப் போய் ராமசாமி ஐயரைப் பார்க்கலாம் என்று ராமானுஜனுக்குத் தோன்றிற்றே, அப்படித் தோன்றுவதற்கே ஒரு சூழ்நிலை வேண்டும். ஐயர் வீட்டுத் திண்ணையில் உட்காரவும், நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்கவும் தடையிராத பிறப்பு வேண்டும். அதே வருஷத்தில் சென்னிமலையில் தறிக்குழியில் கால் வைத்திருந்த ஒரு பையனுக்கோ, அவிநாசிப் பக்கத்துச் சேரியில் தோல் பதனிட்டுக் கொண்டிருந்த ஒரு பையனுக்கோ அதே மூளை இருந்திருந்தால், அவன் யாரைப் போய்ப் பார்த்திருப்பான்? நோட்டுப் புத்தகமே அவன் கைக்கு வந்திராது. சரித்திரம் பெயர் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எழுதும். பெயர் தெரியாமல் போனவர்களை நாமாகத்தான் நினைத்துக் கொள்ள வேண்டும்.

ஹார்டிக்குக் கடிதம் போன அதே 1913-ல் பம்பாயிலிருந்து ஒரு வாலிபர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் படிக்கப் போனார். அவர்தான் அம்பேத்கர். பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் மூன்று வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவருக்கு ஒரு கலெக்டரின் தயவு போதவில்லை. ஒரு ராஜாங்கமே கை கொடுக்க வேண்டியிருந்தது என்று வைத்துக் கொள்ளலாம். அப்படிப்பட்ட ராஜாக்கள் எத்தனை பேர்?

ஆகவே தனி மனிதர்களின் தயவைச் சட்டமாக எழுதி வைப்பது எப்படி என்று சிலர் யோசிக்க ஆரம்பித்தார்கள். அந்த யோசனையின் பலன் ஒன்று கோயமுத்தூருக்கே வந்து சேர்ந்தது.

*

கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ல் ஏற்பட்டது. அப்போது இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்து கொண்டிருந்தது. வடக்கே விளைந்த கரும்பு விரல் தடிமன், சாறும் சொற்பம். கோவையின் சீதோஷ்ணத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். ஆகவே இனக் கலப்புச் செய்ய ஏற்ற இடம். டாக்டர் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து, தோட்டத்துக் கரும்பையும் ஆற்றோரத்தில் நாணல் மாதிரி மண்டிக் கிடக்கும் காட்டுக் கரும்பையும் கலந்து, 'கோ 205' என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-ல் அது வடக்கே வயல்களுக்குப் போயிற்று. 'கோ' என்றால் கோயமுத்தூர் என்று பஞ்சாபிலும் பீகாரிலும் குடியானவர்கள் தெரிந்து கொண்டார்கள்.

இந்த நிலையத்துக்கு 1934-ல் ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். பெயர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897-ல் பிறந்தவர்; தகப்பனார் சப் ஜட்ஜி. சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் ராஜதானிக் கல்லூரியிலும் படித்துத் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். பிறகு அமெரிக்காவில் மிஷிகன் சர்வகலாசாலைக்கு மேற்படிப்புக்குப் போனார். எப்படிப் போனார் என்பதில்தான் விசேஷம் இருக்கிறது.

அந்தச் சர்வகலாசாலையின் நிர்வாகிகளில் லீவை பார்பர் என்று ஒரு கனவான் இருந்தார். கரும்பு பார்பர் வேறு, இவர் வேறு. கீழ்நாடுகளில் யாத்திரை செய்தபோது, மிஷிகனில் படித்துத் திரும்பிய ஆசியப் பெண் மருத்துவர்கள் தங்கள் ஊர்களில் செய்து வந்த தொண்டைப் பார்த்து மனம் நெகிழ்ந்தார். ஆசியப் பெண்களுக்கென்றே 1917-ல் ஓர் உபகாரச் சம்பளத்தை நிறுவினார். யாரோ ஒரு ஹார்டிக்கு எழுதிவிட்டு அவர் இரக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்ன தகுதியுள்ள பெண் மனுப் போடலாம் என்று ஏட்டில் எழுதி வைத்து விட்டார். 1924-ல் ஜானகி அம்மாள் அந்தச் சம்பளத்தில் போனார். முதுகலைப் பட்டத்தோடு திரும்பி வந்து மறுபடி ஆசிரியையாக இருந்து, மறுபடியும் மிஷிகன் போய் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கல்யாணந்தான் ஒரு பெண்ணின் மேற்படிப்பு என்று ஊரெல்லாம் நினைத்திருந்த காலம் அது.

ஏட்டில் எழுதியிருப்பது சரி. அந்த ஏடு சென்னையில் ஒருவர் கண்ணில் பட வேண்டுமே! இங்கே கவனிக்க வேண்டியது அவர் வேலை பார்த்த கல்லூரி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, கனடா நாட்டு மிஷன்கள் கூடி 1915-ல் ஆரம்பித்த கலாசாலை அது. கடலுக்கு அப்பால் இருந்து வந்த ஆசிரியைகளும், கடிதங்களும், செய்திகளும் சாதாரணமாகப் புழங்கிய இடம். அமெரிக்காவில் ஒரு கதவு புதிதாகத் திறந்தது என்றால் அந்தச் சப்தம் அங்கே கேட்கும். அதே வருஷம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவள் காதில் விழுந்திராது.

கோவையில் ஜானகி அம்மாள் ஐந்து வருஷம் இருந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தார். அந்தச் செய்தி 1938-ல் லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. ஆனால் பெண்ணாகவும், உயர்ந்த ஜாதியென்று சொல்லிக் கொண்டவர்களில் சேராதவராகவும் இருந்ததால் அவருக்கு இங்கே மன அமைதி இருக்கவில்லை என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1939-ல் எடின்பரோவில் நடந்த மகாநாட்டுக்குப் போனவர், யுத்தம் மூண்டதும் இங்கிலாந்திலேயே தங்கி விட்டார். டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றி 1945-ல் அவர் வெளியிட்ட பெரும் புத்தகம் உலகப் பிரசித்தமானது. 1951-ல் பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் தாயகம் திரும்பினார். சீமைக் கதவு திறந்தது. உள்ளூர்க் கதவு சரியாகத் திறக்கவில்லை. மேற்படிப்புக்கு மனுப் போடுகிறவர்கள் திரும்பி வருகிற வழியையும் பற்றி நாம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

*

மூன்றாவது மனுவும் கோவையோடு சம்பந்தப்பட்டதே. சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பித்த விவசாயப் பள்ளி 1906-ல் கோவைக்கு மாற்றப்பட்டு, விவசாயக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1944-ல் எம். எஸ். சுவாமிநாதன் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். கும்பகோணத்துப் பிள்ளை. தகப்பனார் பேர்போன டாக்டர். மகனுக்குப் பதினொரு வயதாகும்போதே காலமாகிவிட்டார். அவருடைய ஆஸ்பத்திரியை மகன் ஏற்று நடத்துவான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் சோறில்லாமல் மாண்டதைக் கேட்டு மனம் மாறி, ஏற்கனவே ஒரு பட்டம் வாங்கிய பிறகும், கோவைக்கு வந்து மறுபடி பட்டப் படிப்பு ஆரம்பித்தார். 'டாக்டர் மகன் ஏர் ஓட்டவா போகிறான்?' என்று அந்த நாளில் கேட்டிருக்க மாட்டார்களா?

பட்டம் பெற்று டெல்லியில் மேற்படிப்பு முடித்த தறுவாயில் அவர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, மத்திய சர்க்கார் பரீட்சையில் தேறி, ஐ. பி. எஸ். போலீஸ் உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்ற காகிதம். மற்றொன்று, ஹாலந்தில் வாகனிங்கன் விவசாயக் கலாசாலையில் உருளைக்கிழங்கைப் பற்றி ஆராய்வதற்கு யுனெஸ்கோ கொடுத்த உபகாரச் சம்பளம். முதலாவதில் தொப்பி, ஜீப்பு, சல்யூட், பென்ஷன் எல்லாம் உண்டு. இரண்டாவதில் உருளைக்கிழங்கு மட்டுமே. அவர் உருளைக்கிழங்கை எடுத்துக் கொண்டார். 1949-ல் ஹாலந்து; அங்கிருந்து கேம்பிரிட்ஜ்; 1952-ல் டாக்டர் பட்டம்; பிறகு அமெரிக்காவில் விஸ்கான்சின். அங்கேயே ஆசிரியராக இருக்கச் சொன்னதை மறுத்து 1954-ல் திரும்பி வந்தார்.

பத்து வருஷம் கழித்து, பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் டெல்லியில் உணவு, விவசாய மந்திரியானார். நாட்டில் அப்போது கடுமையான உணவுப் பஞ்சம். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளின் சொல்லை நம்பி, 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைக்க மந்திரி துணிந்தார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவன் அன்று எந்த மனுவை எடுத்துக் கொண்டான் என்பதில் எத்தனை அடுப்புகள் எரிவது அடங்கியிருந்தது, பாருங்கள்!

இந்த மூன்று மனுக்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1913-ல் கதவு என்பது ஒரு மனிதர். அவருக்கு மனம் இருந்தால் திறப்பார். 1924-ல் அது ஓர் அறக்கட்டளை. இன்னாருக்கு உரியது என்று எழுதி வைத்தது. 1949-ல் அது உலக நாடுகளெல்லாம் சேர்ந்து வைத்த பொதுக் கதவு. தயவு படிப்படியாகச் சட்டமாயிற்று. பின்னாளில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் அயல்நாட்டில் படிப்பதற்கு மத்திய சர்க்கார் தனியாகவே உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியது. கோவையிலேயே 1971-ல் விவசாயச் சர்வகலாசாலையும், 1982-ல் பாரதியார் சர்வகலாசாலையும் வந்தன. இதெல்லாம் நிஜமான முன்னேற்றம். இதைக் குறைத்துச் சொல்வது அநியாயம்.

ஆனால் மாறாத ஒன்றும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பெரிய சர்வகலாசாலைக்கு மனுப் போட வேண்டுமானால் மார்க்கு மட்டும் போதாது. ஏன் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டும். இரண்டு மூன்று ஆசிரியர்கள் சிபாரிசு எழுத வேண்டும். இங்கிலீஷ் பரீட்சைக்குப் பணம், மனுவுக்கே பணம். எந்த ஆசிரியர் எந்த ஆராய்ச்சி செய்கிறார் என்று தேடிப் பிடித்து அவருக்கு எழுத வேண்டும். தகப்பனும் பாட்டனும் படித்த வீட்டில் இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே பேசி முடித்து விடுகிறார்கள்.

தோட்டத்து வீட்டில் என்ன நடக்கிறது? "ஏனுங்க, எங்க அம்மிணி நல்ல மார்க்கு வாங்கியிருக்குதுங்க. இதுக்கு மேல யாரைப் போய்ப் பார்க்கோணுமுங்க?" என்று தகப்பனார் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கோவை காந்திபுரத்தில் பெரிய பெரிய பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். பணம் கட்டினால் சொல்லுவார்கள். அவர்களுக்கு லாபம் வருகிற கலாசாலையாகப் பார்த்துச் சொல்லுவதும் உண்டு. ஒரு ஏக்கர் பூமியை விற்றுக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கே உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடிய கலாசாலை ஒன்று எங்கேயோ இருக்கும். அந்தச் செய்தி வாய்க்கால் தண்ணீர் மாதிரி தலைமடையிலேயே நின்று விடுகிறது. கடைமடைக்கு வந்து சேர்வதில்லை.

சிபாரிசுக் கடிதம் விஷயமும் அப்படித்தான். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று மாணவனிடம் சொல்லுகிற ஆசிரியர்கள் நம்மிடையே நிறைய. இருபது வயதுப் பிள்ளை தன்னைத் தானே எப்படிப் புகழ்ந்து கொள்ளும்? கூச்சத்தோடு நாலு வரி எழுதிக் கொண்டு வருகிறது. அந்த நாலு வரி, ஆயிரம் மனுக்களோடு கடல் கடந்து போய், பேக்கர், ஹாப்சன் மேஜைகளில் கடிதங்கள் விழுந்த அதே குவியலில் விழுகிறது. மிடில்மாஸ்ட் 30 ரூபாய் குமாஸ்தா வேலைக்குத் தம் கையால் எழுதிக் கொடுத்தார் என்பதை அந்த ஆசிரியர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

ஹார்டிகள் எப்போதும் உலகத்தில் ஒரு சிலரே. அவர்கள் நம் ஊரில் பிறக்க வேண்டுமென்று வேண்டிக் கொள்வது நடக்கிற காரியமல்ல. ஆனால் நாராயண ஐயர் வேலை அப்படிப்பட்டதல்லவே! அவர் சீமைக்குப் போகவில்லை; பதக்கம் வாங்கவில்லை. ஆபீஸ் வேலை முடிந்து வந்து, சிலேட்டை எடுத்துக் கொண்டு, "நடுவிலே இரண்டு வரி விட்டுப் போயிற்றே, எழுதப்பா" என்றவர். பள்ளிக்கூட வாத்தியார், பாங்கி மானேஜர், வெளிநாட்டில் படித்துத் திரும்பி அவிநாசி சாலையில் ஆலை நடத்துகிறவர், லீவுக்கு வந்திருக்கும் இன்ஜினீயர், யார் வேண்டுமானாலும் செய்யலாம். வாரத்தில் ஒரு மாலைப் பொழுது போதும். இந்த வருஷம் மனுப் போடப் போகிற பிள்ளைகளுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் மார்கழியிலேயே வந்து விடுகிறது.